தண்ணி என்று சொன்ன விரல்

காஸ்டிக் சோடாவுக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இன்று காலை நீங்கள் குளித்த சோப்பு அது இல்லாவிட்டால் வெறும் எண்ணெயாகவே இருந்திருக்கும். நீங்கள் எழுதுகிற காகிதம் அதில் வெந்து கூழாகி வந்திருக்கும். கடையில் மினுமினுவென்று உங்களைக் கூப்பிட்டதே ஒரு பருத்திச் சட்டை, அந்த மினுமினுப்பு எங்கள் வேலை. துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்துக் கெட்டியான காஸ்டிக்கில் முக்கி எடுத்தால் நூல் பருத்து உருண்டுவிடும். வெளிச்சம் பட்டால் மின்னும், சாயத்தையும் ஆசை ஆசையாகக் குடிக்கும். அப்படித் துணிக்குப் பளபளப்பும் சாயமும் ஏற்றுகிற ஆலையில் பத்தொன்பது வருடமாக லேப்பில் இருக்கிறேன். தொட்டியிலிருந்து வருகிற காஸ்டிக் எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பார்த்துச் சொல்வது என் வேலை.

அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. டிரம்மைத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துத் தானே நனைந்துகொள்ளும். தண்ணீரில் போட்டால் அடுப்பில் வைத்ததுபோல் கொதிக்கும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரமே ஓட்டையாகிவிடும். இவ்வளவு ஆட்டம் போடுகிற ஒன்று, கரைந்து குழாயில் ஓடும்போது பார்த்தால் சாது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, சாட்சாத் தண்ணீர். ஆசிட் பட்டால் உடனே சுரீர் என்று கடிக்கும், கையை உதறிக்கொண்டு ஓடுவோம். காஸ்டிக் தோலில் பட்டால் முதலில் வலிக்காது, வழுக்கும். நம் தோலில் இருக்கிற கொழுப்பை அது சோப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறது, அதுதான் வழுக்கல்.

குழாய்க்கு அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தால் அது தண்ணீரா காஸ்டிக்கா என்று பார்க்க லேப்பில் லிட்மஸ் காகிதம் இருக்கிறது. நனைத்தால் நிறம் மாறும், ஐந்து விநாடி வேலை. எங்கள் ஆலையில் அந்தக் காகிதத்தை யாரும் தொட்டதே இல்லை. காஸ்டிக் தொட்டிகள் நிற்கிற யார்டின் பொறுப்பாளர் சொட்டை விரலில் வாங்கி, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, "தண்ணி" என்பார், இல்லை "மாமியார்" என்பார். மாமியார் என்றால் காஸ்டிக். அவர் சொன்னால் சொன்னதுதான். இருபத்தாறு வருடம் அப்படித்தான் ஓடியது. ஆலையில் அவருக்கு லிட்மஸ் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்றே புது ஆளுக்குச் சொல்லிவிடுவார்கள், சந்தேகம் வந்தால் லிட்மஸ் அண்ணனைக் கூப்பிடு என்று.

அவர் என் கணவர். அந்தப் பெயரில் எனக்கும் பெருமை இருந்தது, மறைக்கவில்லை. லேப்பில் அசல் லிட்மஸ் என்னிடம், யார்டில் லிட்மஸ் என் வீட்டுக்காரர் என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என் தம்பி அதே ஆலையில் ஃபிட்டர். அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவர்தான். இரண்டு பேரும் மாமன் மச்சான் மாதிரியா இருப்பார்கள்? ஒரே சைக்கிளில் போய் ஒரே சைக்கிளில் வருவார்கள், நான் பின்னால் நடந்து வரவேண்டும். தம்பிக்கு முப்பத்தொரு வயதாகியும் கல்யாணமாகவில்லை. பெண் பார்க்கிற பொறுப்பு என் தலையில். சாப்பாடு பாதி நாள் என் வீட்டில். "மாமா முகத்தைப் பார்க்கணும்னா அக்கா சாப்பாட்டைப் பொறுத்துக்கணும்" என்று என் சமையலைக் குத்திக்காட்டிக்கொண்டே மூன்று தடவை போட்டுச் சாப்பிடுவான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் அவருக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். காஸ்டிக்கில் ஊறி ஊறி அவர் நகம் தடித்துக் கோணலாக இருக்கும், அவரால் வெட்டிக்கொள்ள முடியாது. கத்தி சறுக்கி ஆள்காட்டி விரல் நுனியில் சதையோடு வெட்டிவிட்டேன். ரத்தம் வந்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், திரும்பக்கூட இல்லை. நான் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தேன். அவர் பேப்பரைப் புரட்டி அடுத்த பக்கத்துக்குப் போனார்.

எழுந்து போய் ஊக்கை எடுத்து வந்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாகக் குத்தினேன். இரண்டு சுண்டுவிரலில் மட்டும் "ஸ்" என்றார். மற்ற எட்டுக்கும் பேப்பர்தான் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, குத்துறது தெரியலையா?"

"தோல் தடிச்சுப்போச்சு. இருபத்துநாலு வருஷம் அதுல கை வச்சா வேற எப்படி இருக்கும்?"

"அப்புறம் யார்டுல எப்படிப் பார்த்துச் சொல்றீங்க?"

"வழுக்குறது வேற, குத்துறது வேற. அது எனக்குத் தெரியும். நீ போய் இதை ஊரெல்லாம் டமாரம் அடிக்காத."

நான் அடிக்கவில்லை. காஸ்டிக்கால் போனதா, வயதால் போனதா, வேறு வியாதியா என்று டாக்டரிடம் காட்டவும் இல்லை. காட்டினால் யார்டிலிருந்து எடுத்துத் துணி மடிக்கிற கூடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே அவரை யார் லிட்மஸ் என்று கூப்பிடுவார்கள்? வருடாந்திர மருத்துவப் பரிசோதனை வந்தது. நர்ஸ் மழுங்கின ஊசியால் விரலைத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்பாள் என்று எனக்குத் தெரியும், லேப் ஆட்களுக்குப் பரிசோதனை ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிடும். காலையில் கிளம்பும்போது நான்தான் சொன்னேன். "அவ கையையே பார்த்துக்கிட்டு இருங்க. ஊசி எறங்கும்போது தெரியுதுன்னு சொல்லுங்க." அவர் அப்படியே செய்தார். எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தாள். அன்று கேன்டீனில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் காப்பியடித்துப் பாஸான பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம்.

அதற்கப்புறமும் அவர் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எந்த வால்வு மூடியிருக்கிறது, எந்தக் குழாயை எப்போது கழுவினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கெட்டியான காஸ்டிக் கொஞ்சம் எண்ணெய் மாதிரி மெதுவாக விழும், காய்ந்தால் வெள்ளைப் படிவம் வைக்கும். கண்ணும் ஞாபகமும் சொன்னதை விரல் சொன்னதாக அவர் நம்பினார். எனக்கும் அப்படி நம்பிவிடுவது வசதியாக இருந்தது.

விபத்து நடந்த அன்று காலை நல்ல குளிர். குளிரில் கெட்டிக் காஸ்டிக் உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். பெரிய தொட்டியிலிருந்து வருகிற குழாயின் இணைப்பில் கசிவு, வாஷர் மாற்றவேண்டும் என்று என் தம்பியைக் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின ஷிஃப்டில் குழாயைத் தண்ணீர் விட்டுக் கழுவியதாகப் பதிவேட்டில் எழுதியிருந்தது. கழுவின தண்ணீர் உறைந்த அடைப்பைத் தாண்டிப் போகவே இல்லை என்பது யாருக்கும் தெரியாது. இணைப்பின் அடியில் ஒரு சொட்டு தொங்கியது. என் தம்பி ஸ்பேனரோடு நின்றுகொண்டு, "மாமா, பார்த்துச் சொல்லுங்க" என்றான். அவர் சொட்டை விரலில் வாங்கித் தேய்த்தார்.

"தண்ணிதான் மாப்ள. பிரிச்சிடு."

தண்ணீர் என்றாலும் கண்ணாடி முகக்கவசத்தை இறக்கி வைத்துக்கொண்டுதான் பிரிக்கவேண்டும், அதுதான் விதி. மூன்றாவது போல்ட் குழாய்க்கு அடியில் இருந்தது. குளிரில் கவசம் மூச்சுப் பட்டு மங்கியிருந்தது. தண்ணீர்தானே என்று அவன் கவசத்தைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக் குனிந்தான். போல்ட் கழன்றதும் உள்ளே அழுத்தத்தில் நின்றிருந்த காஸ்டிக் முகத்தில் பீச்சியது.

யார்டில் இருக்கிற அவசர ஷவரின் மிதியை மிதித்தால் லேப்பில் மணி அடிக்கும். அன்று அடித்தது. கையிலிருந்த கண்ணாடிக் குடுவையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஓடிப் போனபோது அவர் அவனை ஷவருக்கு அடியில் இழுத்துப் போட்டுப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அக்கா, திறக்க முடியலக்கா, திறக்க முடியலக்கா" என்று கத்தினான். இரண்டு கட்டைவிரலையும் இமைக்குள் கொடுத்துப் பிரித்துப் பிடித்தேன். இமை வழுக்கிக்கொண்டே இருந்தது. என் கையில் வழுக்கியது என் தம்பியின் தோல் என்று தெரிந்தும் விடாமல் பிடித்தேன்.

கேன்டீன் ஆள் ஒருத்தன் வினிகர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். காஸ்டிக்குக்கு ஆசிட் மாற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்த மேதை. "அதைக் கொண்டுக்கிட்டுப் பக்கத்துல வந்தா உன் தலையில ஊத்திடுவேன்" என்று கத்தினேன். இரண்டும் சேர்ந்தால் சூடு கிளம்பும், கண்ணுக்குள் அதைச் செய்வது கண்ணை வேகவைப்பது. தண்ணீர், தண்ணீர், தண்ணீர் மட்டும்தான். இருபது நிமிடம் அவன் துடிக்கத் துடிக்கக் கழுவினேன். வலது கண் அதனால்தான் தப்பித்தது என்று டாக்டர் சொன்னார். இடது கண் போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"உங்க விரலுக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தொட்டது தண்ணிதான். பின்னாடி காஸ்டிக் உறைஞ்சு நின்னிருக்கு. போல்ட் கழண்டதும் உடைச்சுக்கிட்டு வந்துடுச்சு."

"நிச்சயமாவா?"

"வழுக்கலை. வழுக்கியிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? அவன் யாரு, என் பிள்ளை மாதிரி இல்லையா?"

சொல்லிவிட்டு அழுதார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் விரலில் வழுக்கவில்லைதான். வழுக்குவது தெரியாத விரலை நம்பியதுதான் தப்பு என்று சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

தம்பி பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். எட்டாவது நாள் வலது கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். என் முகம் தெரிகிறதா என்று கேட்டேன். "தெரியுது, அதே முகம்தான், ஒண்ணும் முன்னேற்றம் இல்ல" என்றான். சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு, பாதுகாப்பு அதிகாரி வந்து எழுதி வாங்கிக்கொண்டு போனாராமே, என்ன சொன்னாய் என்றேன்.

"மாமாவைக் கேக்காம நானே பிரிச்சேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா? நீ கேட்டியே!"

"கேட்டேன்னு சொன்னா அவரைப் போட்டுக் குடைவாங்க. என்ன பார்த்தீங்க, எப்படிப் பார்த்தீங்க, ஏன் காகிதத்தை எடுக்கலைன்னு. அவர் என்ன தப்பு பண்ணார்? மாமா விரல் தப்பு சொல்லாதுக்கா. பின்னாடி நின்னதுக்கு அவர் என்ன செய்வார்?"

"உன்மேல எழுதிடுவாங்கடா. கவனக்குறைவுன்னு எழுதிட்டா எந்த ஆலையிலயும் உன்னைக் கேட்டுக்கு உள்ள விட மாட்டாங்க."

"ஒத்தக் கண்ணனை எப்படியும் விட மாட்டாங்க" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஒரு கண்ணைக் கொடுத்த பிறகும் அவனுக்கு அந்த விரல்மேல் நம்பிக்கை போகவில்லை. அதைக் கேட்டபோது, இவன் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம் என்று தோன்றியது. வாய் திறந்தால் கணவர் போவார், திறக்காவிட்டால் தம்பி போவான் என்று பன்னிரண்டு நாளும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்கு முந்தின நாள் லேப் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யார்டில் வேறு ஒரு குழாயில் வேலை. வேறு ஷிஃப்ட் ஃபிட்டர், கல்யாணமாகி நாலு மாதம் ஆனவன், குழாய்க்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, "லிட்மஸ் அண்ணே" என்று கூப்பிட்டான். இவர் போனார். குனிந்தார். சொட்டை வாங்கித் தேய்த்தார். "தண்ணி" என்றார். அவன் கவசத்தைத் தூக்கிக்கொண்டான்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். "தள்ளுடா" என்று அவனைப் பிடித்து இழுத்துவிட்டுச் சொட்டில் நனைத்தேன். நிறம் மாறவில்லை. அன்று தண்ணீர்தான். "என்னக்கா, அண்ணன்மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவன் சிரித்தான். என் கணவர் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவன் தப்பித்தது யாருடைய புண்ணியமோ, விரலுடையது இல்லை.

விசாரணை லேப்பை ஒட்டிய பயிற்சி அறையில் நடந்தது. ஒரு நீள மேஜை, சுவரோரம் கை கழுவுகிற தொட்டி, குழாய். பாதுகாப்பு அதிகாரியும் மானேஜரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். முதலுதவி செய்தவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தம்பி இடது கண்ணில் கட்டோடு என் எதிரே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இடது பக்கம் யாராவது பேசினால் தலையை முழுக்கத் திருப்பிப் பார்க்கவேண்டியிருந்தது. அதற்கு அவன் இன்னும் பழகவில்லை.

அதிகாரி எழுதி வைத்திருந்ததைப் படித்தார். யார்டு பொறுப்பாளரைக் கேட்காமல் ஃபிட்டர் தானே குழாயைப் பிரித்தார், முகக்கவசம் அணிந்திருக்கவில்லை, விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு.

"சரிதானே?" என்றார்.

"சரி சார்" என்றான் தம்பி.

"சரி இல்ல சார்" என்றார் என் கணவர். "அவன் என்னைக் கேட்டான். நான் பார்த்துத் தண்ணின்னு சொன்னேன். அப்புறம்தான் பிரிச்சான்."

அவர் அதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மானேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதை வச்சுப் பார்த்தீங்க?"

"விரல்ல சார். எப்பவும் அப்படித்தானே. நான் தொட்டது தண்ணிதான். பின்னாடி உறைஞ்சு நின்னது எனக்குத் தெரியாமப்போச்சு."

மானேஜருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. "லிட்மஸ் தண்ணின்னா தண்ணிதான். அது எங்களுக்கே தெரியும்" என்றார். அதிகாரி பேனாவால் மேஜையைத் தட்டினார். "கேட்டாருன்னே வச்சுக்குவோம். தண்ணியா இருந்தாலும் கவசத்தைத் தூக்கக் கூடாது. விதி விதிதான். முதல் வரியை மட்டும் மாத்துறேன், காரணம் அதேதான்."

அவர் முதல் வரியை அடித்தார். நான் எழுந்து லேப்புக்குள் போனேன். இரண்டு பீக்கர்களை எடுத்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ்டிக். குழந்தை தொட்டால்கூடச் சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கும் என்று சொல்லுகிற அளவு, உடனே கழுவிவிட்டால் தோலுக்கு ஒன்றும் ஆகாத அளவு. இரண்டையும் கொண்டுவந்து என் கணவருக்கு முன்னால் மேஜையில் வைத்தேன்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"ஒண்ணு தண்ணி, ஒண்ணு காஸ்டிக். எதுன்னு அவர் சொல்லட்டும்." அவரிடம் திரும்பினேன். "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து போயிருக்கலாம். இதென்ன விளையாட்டு என்று கத்தியிருக்கலாம், மானேஜரும் அவர் பக்கம் நின்றிருப்பார். அவர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

பீக்கர்களை இரண்டு தடவை இடம் மாற்றி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து முதல் பீக்கரில் விட்டேன். விரலைத் தேய்த்தார்.

"தண்ணி."

இரண்டாவதில் விட்டேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போவது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அவர் ரொம்ப நேரம் தேய்த்தார். நடுவிரலால் தேய்த்தார். மோதிர விரலால் தேய்த்தார். முதல் பீக்கர் தண்ணீர் என்றால் இரண்டாவது காஸ்டிக் என்று கணக்குப் போட்டே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மாப்ள" என்றார் கண்ணைத் திறக்காமல். "எனக்குத் தெரியலடா. நீ சொல்லு."

தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தான். அந்தப் பீக்கரில் தன் விரலை விட்டுத் தேய்த்தான். ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"காஸ்டிக் மாமா."

என் கணவர் கண்ணைத் திறந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார், கட்டுப் போட்ட கண்ணைப் பார்த்தார். நான் இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து அடியில் காட்டினேன். எது எப்படிப் போனாலும் கழுவவேண்டியதைக் கழுவத்தான் வேண்டும்.

தம்பி என் வலது பக்கம் நின்றிருந்தான். என்னைப் பார்க்க அவன் தலையை முழுக்கத் திருப்பவேண்டியிருந்தது. திருப்பினான்.

"உனக்கு எப்படிக்கா தெரியும், இப்படி வச்சுப் பார்க்கணும்னு?"

"அவளுக்குத் தெரியாது மாப்ள" என்றார் என் கணவர் அவசரமாக. "நேத்துதான் நானே அவகிட்ட..."

"தெரியும்" என்றேன். "ரெண்டு வருஷமாத் தெரியும். மெடிக்கல்ல எப்படித் தப்பிக்கிறதுன்னு சொல்லிக் கொடுத்ததும் நான்தான்."

அவன் ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷவருக்கு அடியில் இமையைப் பிரித்துப் பிடித்தபோது என்னைத் தள்ளாதவன், இப்போது என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டான். சட்டையில் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போய் உட்கார்ந்தான்.

"சார், மாத்தி எழுதுங்க" என்றான். "நான் கேட்டேன், மாமா தண்ணின்னு சொன்னார், அவர் விரலுக்குத் தெரியலைன்னு எழுதுங்க. அக்காவுக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்னு அதையும் எழுதுங்க."

அதிகாரி பேனாவைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன்.